இப்னு பதூதா கண்ட ஆப்பிரிக்கா

ஆப்பிரிக்கா என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன சிங்கமும் யானையும் அடர்ந்த காடும்தாம். தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் உள்ள சுற்றுலா நிறுவனங்கள் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் பயணிகளை அழைத்துச் செல்கின்றன. சென்று வந்தோர் வண்டியின் சன்னல் வழியாக எடுத்த வனவிலங்குப் படங்களைக் காட்டி மகிழ்கின்றனர். அந்த மக்களைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோரிடம் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அதே கண்டத்தின் வடக்கையும் கிழக்கையும் மேற்கையும் சுற்றிவந்த ஒரு காஜியார், விலங்குகளையும் பார்த்தார், கொடுத்ததையும் உண்டார், ஆயினும் அவர் மிகுதியாகச் சொல்லிச் சென்றது மனிதர்களைப் பற்றியே. அவர் நம் தமிழகத்திலும் தங்கியவர் என்பதால் அவருடைய வரலாறு நமக்கு அயலார் வரலாறன்று.

ஷம்சுத்தீன் அபூ அப்துல்லாஹ் முஹம்மது என்னும் இப்னு பதூதா, மொராக்கோ நாட்டின் வடமுனையில் உள்ள தஞ்சா (தான்ஜியர்) நகரில் ஹிஜ்ரி 703 ரஜப் பிறை 17இல், அதாவது 1304 பிப்ரவரி 25இல் பிறந்தார். மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த, காஜிகள் பலரைத் தந்த குடும்பம் அவருடையது. 1325 ஜூனில், தமது 21ஆம் வயதில், ஹஜ்ஜை நிறைவேற்றும் நோக்கத்துடன் தன்னந்தனியே வீட்டை விட்டுப் புறப்பட்டார். தாயும் தந்தையும் அப்போது உயிருடன் இருந்தனர். அவ்விருவரையும் அவர் பின்னர் காணவே இல்லை. 24 ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயாரோ கொள்ளைநோயால் சில மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார். அவர் வாழ்நாளில் கடந்த தொலைவு ஏறத்தாழ 1,17,000 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தத் தொலைவுக்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

முதற்பயணத்தில் வட ஆப்பிரிக்காவின் கரையோரமாகச் சென்று எகிப்தை அடைந்தார். அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தை 1326இல் பார்த்தபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் திரும்பி வந்து பார்த்தபோது உள்ளே நுழையவும் இயலாதபடி முற்றும் சிதைந்திருந்தது. உலக அதிசயங்களுள் ஒன்றின் இறுதிக் காலத்தை இருமுறை கண்டு எழுதிவைத்தவர் அவர். கெய்ரோவின் பெருக்கமும் நைல் நதியும் அவரை வியக்க வைத்தன.

அங்கிருந்து செங்கடல் துறைமுகமான ஐதாபுக்குப் பாலைவனம் வழியே ஒட்டகங்களில் சென்றார். வழியில் ஹுமைதிரா என்னுமிடத்தில் ஓரிரவு தங்கினார். ஷாதுலிய்யா தரீக்காவின் தலைவர் அபுல் ஹசன் ஷாதுலி (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ள இடம் அது. நம் கடற்கரை ஊர்களில் அவர் பெயரை அறியாதார் குறைவு. அந்த இடத்தில் கழுதைப்புலிகள் மிகுதி. இரவு முழுதும் அவற்றை விரட்டிக்கொண்டே இருந்தும், ஒன்று நுழைந்து இப்னு பதூதாவின் மூட்டையைக் கிழித்துப் பேரீச்சம்பழப் பையைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. காலையில் பை கிழிந்து கிடந்தது. பழத்தில் பெரும்பகுதி தீர்ந்திருந்தது. ஐதாபில் போர் நடந்துகொண்டிருந்ததால் கடல் கடக்க இயலாமல் வந்த வழியே திரும்பி, சிரியா வழியாக அவ்வாண்டே மக்கா சென்று ஹஜ்ஜை நிறைவேற்றினார்.

1331ஆம் ஆண்டையொட்டி ஏடனிலிருந்து கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றார். மொகதிஷு (இன்றைய சோமாலியாவின் தலைநகர்) துறையில் ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் வந்தவுடன் ஊர் இளைஞர்கள் சிறு தோணிகளில் மூடிய உணவுத் தட்டுகளுடன் வந்து, ஆளுக்கொரு வணிகரைத் தம் விருந்தினராக்கிக் கொள்வர். பின்னர் அவ்வணிகரின் கொள்வினை கொடுப்பினை எல்லாம் அந்த வீட்டார் மூலமே நடைபெறும். இவர் வணிகர் அல்லர், மார்க்க அறிஞர் என்று தெரிந்ததும் அவ்வூர்க் காஜியாரே தம் மாணவர்களுடன் கரைக்கு வந்து அழைத்துச் சென்றார். அறிஞர் எவரும் சுல்தானைக் காணாமல் எங்கும் தங்கக் கூடாது என்பது அங்குள்ள முறை. அரண்மனையிலிருந்து முதலில் வந்த மரியாதை வெற்றிலையும் பாக்கும், அதனுடன் பன்னீரும்!

அடுத்து வந்த விருந்தைப் படிக்கும் தமிழருக்கு வியப்பு மேலிடும். பெரிய மரத்தட்டில் நெய்யிட்ட சோறு. அதன்மேல் கோழி, இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றால் ஆன குழம்பு வகைகள். பாலில் வேகவைத்த வாழைக்காய் ஒரு கிண்ணத்தில். தயிர் மற்றொரு கிண்ணத்தில். அதனுடன் எலுமிச்சை ஊறுகாய், உப்பும் காடியும் சேர்த்து ஊறவைத்த மிளகுக் கொத்து, பச்சை இஞ்சி, மாங்காய். ஒரு கவளம் சோறு உண்டபின் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வார்கள் என்பதைக் கூட அவர் விடாமல் குறித்துள்ளார். மாங்காய் புளிக்கும், பழுத்தால் இனிக்கும், உள்ளே கொட்டை இருக்கும் என்று தம் நாட்டாருக்கு விளக்கவும் செய்கிறார். (அமெரிக்காவிலிருந்து மிளகாய் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முற்பட்ட காலம் அது, எனவே நம் நாட்டிலும் அன்று காரம் என்றால் மிளகுதான்.) அவ்வூரார் பருத்த உடலினர் என்றும், அவர்களுள் ஒருவர் உண்பதை இவருடைய கூட்டத்தார் பலர் சேர்ந்துதான் உண்ண முடியும் என்றும் சற்றே நகைச்சுவையுடன் சொல்கிறார். நான்காம் நாள் அவருக்கு உடைகள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கால்சட்டைக்குப் பதிலாக இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பட்டுத்துணி. கைலியை நமக்கே உரியது என்று எண்ணிக்கொண்டிருப்போர் இதனைக் கவனிக்கலாம்.

தெற்கே மொம்பாசாவில் வாழைப்பழமும் மீனுமே மக்களின் உணவு. அங்கே ஒலிவம்பழம் போன்ற தோற்றமும் மிகுந்த இனிப்பும் உடைய ஒரு பழத்தைக் கண்டு அதனை ஜம்மூன் என்று குறிப்பிடுகிறார். வடஇந்தியர் நாவற்பழத்தை அழைக்கும் பெயர் அது. மொம்பாசாவின் பள்ளிவாசல்கள் மரத்தால் உறுதியாகக் கட்டப்பட்டவை. பள்ளிவாசல்களின் வாயிலில் ஆழமில்லாத கிணறு. நீண்ட காம்புள்ள மரக்குவளையால் நீர் முகந்து காலைக் கழுவி, வாயிலில் கிடக்கும் முரட்டுப் பாயில் துடைத்துக்கொண்டு வெறுங்காலுடன் உள்ளே செல்வர். ஹவுழில் ஒளு செய்து மிதியடியில் கால் துடைத்து வரும் நமக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. அம்மக்கள் நம் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபி மத்ஹபினர்.

கில்வா (இன்றைய தான்சானியா) தீவின் சுல்தான் ஹசன், கொடைத்தன்மையால் அபுல் மவாஹிப் எனப் பெயர் பெற்றவர். ஜும்ஆ முடிந்து வந்த அவரிடம் யமன் நாட்டு ஏழை ஒருவர் உடுத்தியிருந்த உடையையே கேட்க, உடனே உள்ளே சென்று மாற்றுடை அணிந்து, அந்த உடையைக் கொடுத்துவிட்டார். கூடவே அடிமைகளும் இரண்டு சுமை யானைத் தந்தமும் அந்த ஏழைக்குக் கிடைத்தன. சுல்தானின் கொடையைப் புகழும் இப்னு பதூதா, அந்த அடிமைகள் அண்டை நாட்டின்மீது நடத்திய படையெடுப்புகளில் பிடிபட்ட மனிதர்களாயிருக்கக் கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அவரே அடிமைகளை வாங்கியவர். பிற்காலத்தில் சகாராவைக் கடந்து திரும்பியபோது 600 அடிமைப் பெண்களைக் கொண்டு சென்ற வணிகக் கூட்டத்துடன் பயணம் செய்தவர். இதனை மறைத்து எழுதினால் அவருடைய வரலாறு முழுமையாகாது.

அதன்பின் அவர் 1330களில் டில்லிக்கு வந்து முஹம்மது பின் துக்ளக்கின் கீழ்க் காஜியாகப் பணிபுரிந்தார். 1342இல் சீனாவுக்குத் தூதராகப் புறப்பட்டுக் கள்ளிக்கோட்டையில் கப்பல் சேதமடைந்து, மாலத்தீவுக்குச் சென்று அங்கும் காஜியானார். பிறகு இலங்கையில் பாவா ஆதம் மலையைக் கண்டு, 1344ஆம் ஆண்டையொட்டி மாபர் என அரபிகள் அழைத்த நம் சோழமண்டலக் கரையை நோக்கி வந்தார். கரையருகே கப்பல் தரைதட்டியது. உடன்வந்தோரைக் கட்டுமரம் போன்ற மிதவையில் அனுப்பிவிட்டு, இரவு முழுதும் உடைந்த கப்பலிலேயே காத்திருந்தார். விடிந்ததும் தோணியில் வந்து அவரைக் கரை சேர்த்தவர்கள் அவ்வூர் மக்கள், முஸ்லிமல்லாதவர்கள்.

அப்போது மதுரையில் ஆட்சி செய்த சுல்தான் கியாதுத்தீன் தாமகானி, இப்னு பதூதாவுக்குச் சகலை முறை. இருவரும் முன்னாள் மதுரை சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகள்களை மணந்தவர்கள். மார்க்கம், உறவு, விருந்தோம்பல் எல்லாம் சேர்ந்த இடம். ஆயினும் இப்னு பதூதா தம் சகலையின் கொடுமையை மூடி மறைக்கவில்லை. பிடிபட்ட எளிய மக்களையும், அவர்தம் மனைவி மக்களையும் கூடச் சுல்தான் இரக்கமின்றிக் கொல்வித்ததைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், மற்றொரு முறை தொழுகைக்குச் செல்வதாகச் சொல்லி எழுந்துவிட்டதையும் வெளிப்படையாகப் பதிவு செய்தார். இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசரிடமும் தாம் அறிந்ததில்லை என்பதும், அதனால்தான் அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்பதும் அவர் தீர்ப்பு. விரைவிலேயே மதுரையில் கொள்ளைநோய் பரவியது. நோய் கண்டவர் இரண்டு மூன்று நாட்களில் மடிந்தனர். சுல்தானின் குடும்பத்தாரும், பின்னர் சுல்தானும் மாண்டனர். இப்னு பதூதாவுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. அங்கே மலிந்து கிடந்த புளியைக் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு கழிந்து உடல் தேறியது. நம் அடுக்களைப் புளியே அவரைக் காப்பாற்றியது என்று அவர் நம்பினார். வனவிலங்கு நிறைந்த ஆப்பிரிக்காவில் அவர் அடைந்த அச்சத்தைவிட, தம் உறவினர் ஆண்ட மதுரையில் அடைந்த அச்சம் பெரிது என்றே இந்தப் பக்கங்களைப் படிக்கையில் தோன்றுகிறது.

சீனப் பயணமும் முடித்து 1349இல் தாயகம் திரும்பியவர், 1352 பிப்ரவரியில் சகாராவைக் கடந்து மாலி நாட்டுக்குப் புறப்பட்டார். 25 நாள் பயணத்தில் தகாஸா என்னும் உப்புச் சுரங்க ஊர் வந்தது. அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. மரம் என்று ஒன்றுமில்லை, குடிநீரும் உவர்ப்பு. அந்தப் பாலைவன வழியில் ஒரு வணிகர் பாம்புகளுடன் விளையாடும் பழக்கமுடையவர். இப்னு பதூதா தடுத்தும் கேட்கவில்லை. ஒருநாள் உடும்புப் பொந்து என்று கைவிட்டார், உள்ளே பாம்பு. ஒட்டகத்தை அறுத்து அதன் இரைப்பைக்குள் இரவு முழுதும் கையை வைத்திருந்து உயிர் பிழைத்தார்; விரல் போயிற்று.

மாலியின் எல்லை ஊரான வலாத்தாவில் அதிகாரி ஒருவர் விருந்தளிப்பதாக அழைத்தார். இடித்த கம்பு போன்ற சிறுதானியத்தில் சிறிது தேனும் தயிரும் கலந்து சுரைக்குடுக்கையில் வைத்தனர். இதற்காகவா அழைத்தார்கள் என்று கேட்டார் இப்னு பதூதா. அவர்களிடம் இதுவே சிறந்த விருந்து என்று விடை வந்தது. அப்போதே ஊர் திரும்பிவிட எண்ணினார். டில்லி அரசவையில் பொன்னும் பட்டும் பெற்றுப் பழகியவருக்கு வேறெதுவும் விருந்தாகப் படவில்லை போலும்.

அங்கிருந்து தலைநகருக்கு 24 நாள் வழி. வழியெங்கும் பருத்த பெருமரங்கள். ஒன்றின் நிழலில் ஒரு வணிகக் கூட்டமே தங்கலாம். சில மரங்களின் பொந்தில் மழைநீர் கிணறு போலத் தேங்கியிருக்கும், சிலவற்றில் தேனடை. ஒரு மரப்பொந்துக்குள் தறி போட்டு ஒருவர் நெய்துகொண்டிருந்ததையும் கண்டார். தமிழில் ஆனைப்புளி எனப்படும் மரம் அது. மன்னார்ப் பகுதியில் பெருக்கமரம் என்பர். அடையாறு ஆலமரத்தை, 1989இல் அதன் தாய்மரம் சாயுமுன் பார்த்தவர்கள், ஒரு மரமே ஊராக நிற்பதன் பொருளை உணர்வர். அடையாறு மரம் விழுதுகளால் பரந்தது. ஆனைப்புளியோ அடிமரத்தால் பருத்தது.

தலைநகரை அடைந்த பத்தாம் நாள், கிழங்கால் செய்த ஒரு கூழை உண்ட அறுவரும் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். சுபுஹு தொழுகையில் இப்னு பதூதா மயங்கி விழுந்தார். எகிப்தியர் ஒருவர் கொடுத்த மூலிகை மருந்தால் வாந்தியெடுத்துப் பிழைத்தும், இரண்டு மாதம் நோயாளியாகவே இருந்தார். அதன்பின் சுல்தான் மன்சா சுலைமானின் வரவேற்புப் பரிசு வருகிறது என்று ஆட்கள் ஓடிவந்தனர். உடையும் பணமும் என்று எழுந்து நின்றார். வந்தவை மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு குடுக்கைத் தயிர். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பின்னர் அரசவையில், மற்ற அரசர்களிடம் உம்மைப் பற்றி என்ன சொல்வது என்று கேட்கவும் செய்தார்! சுல்தான் சினம் கொள்ளாமல் வீடும் செலவுத் தொகையும் அளித்தார். ரமழான் 27ஆம் இரவில் ஜகாத் பங்கிட்டபோதும், விடைபெற்றபோதும் பொன்னும் கொடுத்தார்.

நைஜர் ஆற்றங்கரையில் நிகழ்ந்தது ஒன்று. இயற்கைக் கடனுக்காக இப்னு பதூதா கரையில் ஒதுங்கியபோது, அவ்வூரார் ஒருவர் வந்து அவருக்கும் ஆற்றுக்கும் இடையே நின்றுகொண்டார். நாணமும் பண்பும் அறியாதவர் என்று இவர் வெகுண்டு பிறகு ஒருவரிடம் குறை சொன்னார். அப்போதுதான் உண்மை தெரிந்தது. அந்த ஆற்றில் முதலைகள் உண்டு. விருந்தாளியை முதலை பிடித்துவிடக் கூடாதே என்று அந்த மனிதர் தம் உடலையே குறுக்கே நிறுத்தியிருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதரையும், அவரைப் பற்றித் தாம் தவறாக எண்ணியதையும் சேர்த்தே இப்னு பதூதா எழுதிவைத்தார். ரொட்டிக்குச் சிரித்த பக்கங்களுக்கெல்லாம் ஈடுகட்டுவது இந்த ஒரு செய்தி என்பது என் எண்ணம்.

1353 பிப்ரவரியில் திரும்பும் வழியில், கொசுத்தொல்லை மிகுந்த ஒரு வாய்க்கால் கரையை நிலவொளியில் அடைந்தார். பருத்த உடலுடன் 16 விலங்குகள் நின்றன. யானைகள் என்றே முதலில் கருதினார். அவை நீருக்குள் இறங்கியதும் திகைத்தார். ஆற்றுக் குதிரைகள் என்று உடனிருந்தவர் விளக்கினார். நாம் அதனை நீர்யானை என்கிறோம். அவருடைய முதல் எண்ணத்தோடு தமிழ்ப் பெயர் ஒத்துப்போகிறது. அந்த ஆற்றை நைல் என்றே அவர் நம்பினார். நைஜர் கிழக்கு நோக்கி ஓடுவதை ஐரோப்பியர் நேரில் கண்டதே 1796இல்தான்.

மாலி மக்களைப் பற்றி அவருக்குக் குறைகளும் உண்டு. பெண்களின் உடை, அரசர்முன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் முதலியவற்றைக் கண்டித்தார். ஆனால் நிறைகளைச் சொல்லும்போது தயங்கவில்லை. அநீதி அங்கே அரிது; அநீதி செய்தவரை அரசர் விடுவதில்லை. உள்ளூராரும் வழிப்போக்கரும் கள்வர் பயமின்றி நடக்கலாம். அயல்நாட்டவர் இறந்தால் அவர் பொருளை எவரும் தொடுவதில்லை; உரிய வாரிசு வரும்வரை நம்பிக்கையான ஒருவரிடம் வைத்திருப்பர். ஜும்ஆவுக்கு முன்னதாகப் போகாவிட்டால் இடம் கிடைக்காது என்பதால் பையனிடம் பாயைக் கொடுத்து முன்கூட்டியே விரித்து வைக்கச் செய்வர். ஒரே ஒரு பழைய சட்டை உள்ளவரும் அதனைத் துவைத்து உடுத்தியே ஜும்ஆவுக்கு வருவார். திருக்குர்ஆனை மனனம் செய்வதில் அவர்களுக்கு இருந்த ஆர்வம் அவரை வியப்பில் ஆழ்த்தியது.

திம்புக்து வழியாகப் படகில் காவோ நகருக்கு வந்தார். அரிசியும் பாலும் கோழியும் மீனும் மலிந்த அந்நகரில் சோழிகளே நாணயம். ஒரு பொன் தீனாருக்கு 1,150 சோழி. அவர் காஜியாக இருந்த மாலத்தீவில் அதே தீனாருக்கு நான்கு இலட்சம் சோழி கிடைக்கும். இந்தியப் பெருங்கடலில் பொறுக்கிய சோழி நைஜர் ஆற்றங்கரைச் சந்தையில் செல்லுபடியாவதை இரு முனைகளிலும் நின்று கண்டவர் அக்காலத்தில் வேறு எத்தனை பேர் இருந்திருப்பர்?

மொராக்கோ சுல்தான் அபூ இனானின் அழைப்பை ஏற்றுப் பாலைவனத்தையும் பனிமலையையும் கடந்து 1354இல் ஃபெஸ் நகர் சேர்ந்தார். சுல்தானின் கட்டளைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் எழுத்தர் நூலாக்கினார். 1355 டிசம்பரில் சொல்லி முடித்தார். கையில் குறிப்புகள் அதிகமில்லை, நினைவே துணை. எனவே சில இடங்களுக்கு அவர் உண்மையில் சென்றாரா என்று ஆய்வாளர் ஐயுறுவதுண்டு. கிழக்கு ஆப்பிரிக்கா, மாலி பற்றிய பகுதிகளை நம்பத்தக்கவை என்றே ஏற்கின்றனர். அதன்பின் மொராக்கோவில் ஓர் ஊரின் காஜியாக அமைதியாக வாழ்ந்து மறைந்தார். இறந்த ஆண்டு 1368 அல்லது 1369 என்பர் சிலர். 1377 என்பர் வேறு சிலர்.

நூல் பல நூற்றாண்டுகள் கையெழுத்துப் பிரதியாகவே இருந்து, 1853 முதல் 1858 வரை பாரிஸில் நான்கு தொகுதிகளாக அச்சேறியது. தென்னிந்தியா பற்றிய பகுதிகளைப் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் தம் தொகுப்பில் சேர்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் அதனை 1939இல் வெளியிட்டது. மாலிப் பேரரசின் அரசவையை அதன் சிறப்புக் காலத்தில் கண்ணாரக் கண்டவர் எழுதியதாக இன்று உலகுக்குக் கிடைத்திருப்பது இந்த நூல் ஒன்றே.